நிலக்கடலையை வேர் என்று சொன்ன குரல்

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் ஒரு பெண் பேசுவாள். "குழந்தைகளே, வணக்கம். இன்றைக்குச் செடிகளின் பாகங்களைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் பதில் சொல்வதற்கு மூன்று விநாடி விடுவாள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் "அருமை" என்பாள். அந்தக் குழைவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குரல் என்னுடையது.

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் ஆறிய பிறகு எழுதேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் எத்தனையோ விஷயத்துக்கு ஆறிப்போய்த்தான் இப்படி ஆகியிருக்கிறேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தொடக்கப் பள்ளிகளுக்கு இணையத்தில் அறிவியல் பாடம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு அமைப்பு, குரல் நன்றாக இருக்கும் ஆசிரியர்களைத் தேடியது. அமைப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லித் திட்டினால் எனக்கு மட்டும்தான் நிம்மதி கிடைக்கும். மதுரையில் ஒரு பயிற்சி மையத்தின் மாடி அறையில் ஒலிப்பதிவு நடந்தது. ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். சத்தம் பதிவாகும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். சித்திரை வெயிலில் கம்பளிக்குள் உட்கார்ந்து "குழந்தைகளே" என்று குழைய வேண்டும். குழைந்தேன்.

பாடம் எங்கேயோ எழுதப்பட்டுத் தமிழாகி வந்திருந்தது. அதில் சில சொற்களுக்கு மஞ்சள் அடித்து, பக்கத்தில் "உள்ளூர் எடுத்துக்காட்டு சேர்க்கவும்" என்று போட்டிருந்தார்கள். நாம் உண்ணும் வேர்கள் என்ற தலைப்பில் கேரட், பீட்ரூட், டர்னிப் என்று மூன்று. நம் பக்கம் விளையாத டர்னிப்புக்கு மஞ்சள். கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "மேடம், மண்ணுக்குள்ள வெளையிறது ஏதாச்சும் நம்ம ஊர் அயிட்டமா சொல்லுங்க. முடிச்சிட்டு ஃபேனப் போட்டுருவோம்" என்றார். நான் நிலக்கடலை என்றேன்.

முள்ளங்கி என்று ஒன்று இருக்கிறது. வாரம் தவறாமல் சாம்பாரில் போடுகிறேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. நான் மதுரை நகருக்குள் சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு எதிரே மொத்தக் கடை. அங்கே நிலக்கடலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பள்ளி விட்டு வரும்போது ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடுவேன். தோலில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். மண் ஒட்டியிருக்கிறது, ஆகவே மண்ணுக்கடியில் விளைகிறது, ஆகவே வேர். இதுதான் என் ஆராய்ச்சி. படித்தது விலங்கியல். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடலைச் செடியை என் வாழ்நாளில் நின்று பார்த்ததில்லை.

சரி, என் அறியாமை. ஆனால் அந்த வீடியோவை மூன்று பேர் சரிபார்த்தார்கள். ஒருவர் பாடநூல் எழுதிப் பழகியவர், ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், மூன்றாமவர் யாரென்று தெரியாது. மூன்று பேரும் சரி என்று குறித்து அனுப்பினார்கள். அதில் ஒருவர் "உள்ளூர் மணம் கமழ்கிறது" என்று வேறு எழுதியிருந்தார். அந்தத் தாளை நான் படம் எடுத்து அக்கா, தங்கச்சி எல்லோருக்கும் அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பிறகு பள்ளிகள் திறந்தன. எனக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி கிடைத்தது. ஆனையூரில் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வேன். அந்தப் பள்ளிக்கும் அதே அமைப்பு ஒரு டிவியும் நாலு டேப்லெட்டும் கொடுத்தது. வாரம் ஒரு வீடியோ ஓட வேண்டும். முழுதாக ஓடினால்தான் இணையத்தில் பள்ளிப் பெயருக்கு நேரே பச்சை விழும். பார்க்க ஆள் இருக்கிறார்களா என்று அதற்குத் தெரியாது. அதனால் பல பள்ளிகளில் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் காலி வகுப்பில் வீடியோவை ஓட விடுவார்கள். நானும் ஓட விட்டிருக்கிறேன். வெளியே பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்க, உள்ளே என் குரல் காலி பெஞ்சுகளைப் பார்த்து "அருமை" என்று பாராட்டிக்கொண்டிருக்கும்.

செடியின் பாகங்கள் வந்த வாரம் அப்படிச் செய்யவில்லை. என் வீடியோவாயிற்றே, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். கம்மாய்க்கு அந்தப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். அம்மாவும் அப்பாவும் காட்டில்தான் கிடப்பார்கள். அந்த வருடம் ஆடியில் கடலை போட்டிருந்தார்கள். வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்பவள் அவள்தான். சில நாள் எனக்கே அலுக்கும்.

"டீச்சர், கடல வேரு இல்ல டீச்சர்."

"பின்ன?"

"அது வெத. பூப் பூத்து, விழுது மண்ணுக்குள்ள எறங்கித்தான் காய் புடிக்கும்."

"மண்ணுக்குள்ளதான இருக்கு? டிவில சொன்னதக் கேட்டேல்ல?"

"அதத்தான டீச்சர் திரும்ப வெதைக்கிறோம். வேரயா வெதைப்பாக?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உக்காரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை என்னைவிடத் தெளிவாக ஒரு வாதத்தை எடுத்து வைத்தாள். நான் அதற்குச் சொன்ன பதில் உட்காரு என்பது. இதை மறைக்க எனக்கு வழியில்லை. இருபத்தைந்து பிள்ளைகள் கேட்டார்கள்.

மறுநாள் காலை அவள் ஒரு உரச்சாக்கோடு வந்தாள். உள்ளேயிருந்து ஒரு கடலைச் செடியை வேரோடும் ஈர மண்ணோடும் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தாள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லியிருந்தேன் அல்லவா.

வருகைப் பதிவேட்டை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். மஞ்சள் பூ ஒன்று இன்னும் வாடாமல் இருந்தது. வாடிப்போன பூ இருந்த கணுவிலிருந்து ஊசி போல ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருந்தது. அதன் நுனி மண்ணுக்குள் போய் உப்பியிருந்தது. அடுத்ததில் உப்பல் இன்னும் பெரிதாக, அதற்கடுத்ததில் பிஞ்சுக் கடலை. வேர் தனியாக, ஒரு வம்புக்கும் போகாமல், சின்னச் சின்ன முடிச்சுகளோடு இன்னொரு பக்கம் கிடந்தது. பத்தொன்பது வருடமாக அறிவியல் நடத்துகிறேன். இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியதை அதுவரை பார்த்ததில்லை.

பிள்ளைகளை எல்லாம் மேசையைச் சுற்றி வரச் சொன்னேன். "நான் சொன்னது தப்பு. இவ சொன்னதுதான் சரி" என்றேன்.

"அப்ப டிவில சொன்னது?" என்றான் ஒருத்தன்.

"அதுவும் தப்பு. டிவில பேசுறதும் நான்தான்."

ஒருத்தரும் நம்பவில்லை. "போங்க டீச்சர், அந்தம்மா எம்புட்டு நல்லாப் பேசுது" என்றார்கள். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. தப்பை ஒத்துக்கொண்டோம், முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் டேப்லெட்டில் பத்துக் கேள்வி உண்டு. அந்த வருடம் ஒரு புது அறிவிப்பு வந்தது. இந்தப் பாடத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைகளை மதுரையில் ஒரு கல்லூரிக்கு ஒரு நாள் அறிவியல் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். பஸ், சாப்பாடு, ஆய்வுக்கூடம் எல்லாம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் அவரவரே பார்க்கலாம் என்று போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து இந்தப் பிள்ளை என்னை நிம்மதியாக விடவில்லை. எங்கள் பள்ளி பீரோ மேல் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. கண் வைக்கும் லென்ஸ் எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறோம். அவள் அதன் குழலில் கண்ணை வைத்து வெறும் ஓட்டையைப் பார்ப்பாள். "நெசமானதுல பாத்தா கடலப் பூவுக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுமா டீச்சர்?" என்று கேட்பாள். தெரியும் என்பேன். வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த முகாம் அவ்வளவு தேவைப்படவில்லை.

ஏழாவது கேள்வி: நிலக்கடலை தாவரத்தின் எந்தப் பகுதி? வேர், தண்டு, இலை, விதை. அவள் விதையை அமுத்தினாள். சிவப்பில் பெருக்கல் குறி வந்தது. "பரவாயில்லை கண்ணே, மறுபடியும் படித்துப் பார்" என்றது டேப்லெட். அதுவும் என் குரல். அந்த அறையில் நான் பேசிக் கொடுத்ததை எங்கெங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒன்பது மதிப்பெண். அவள் டேப்லெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்கதான டீச்சர் சரின்னீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த திங்கள் மறுதேர்வு உண்டு என்று போட்டிருந்தது. அதற்குள் திருத்திவிடலாம் என்று இறங்கினேன். இணையத்தில் புகார்ப் பக்கத்தைத் திறந்தால், என்ன புகார் என்று வகை கேட்டது. வீடியோ ஓடவில்லை, ஒலி வரவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, மற்றவை. பாடம் தப்பாக இருக்கிறது என்று ஒரு வகை இல்லை. பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் இடத்தில் அறிவியல் தப்பாக இருக்கக்கூடும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "மற்றவை"யில் போய் ஒரு பக்கத்துக்கு எழுதி, அந்தச் செடியின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" ஓடிப்போய்க் கேள்வியைப் பார்த்தேன். வேர் வேராகவே இருந்தது.

சனிக்கிழமை அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு இளைஞர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

"வீடியோவ மாத்தணும்னா மறுபடி ரெக்கார்ட் பண்ணணும் மேடம். அப்புறம் மூணு பேர் ஓகே பண்ணணும். அடுத்த வருஷம் புதுசா எல்லாமே வருது, அப்ப பாத்துக்கலாமே" என்றார்.

"வீடியோ கெடக்கட்டும் தம்பி. கேள்விக்கு விடைய மட்டும் மாத்துங்க. திங்கக்கெழம பிள்ளைக எழுதுறாங்க."

"விடைய மாத்துனா வீடியோவோட ஒத்துப்போகாதே மேடம். பாத்துட்டு எழுதுற பிள்ளைங்கல்லாம் தப்பாப் போட்டுருவாங்க."

"பாத்துட்டு எழுதுற பிள்ளைகளுக்குத்தான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

அவர் கணினியில் எதையோ தேடினார். "யாரு மேடம் இதுக்குப் பேசுனது? அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்தீங்கன்னா மேல அனுப்பிப் பாக்குறேன்."

"நான்தான் பேசினேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப உங்க மேலதான் மேடம் நீங்க கம்ப்ளைண்ட் குடுத்திருக்கீங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அங்கேயே ஒரு தாள் வாங்கி, நான் சொன்னது பிழை, நிலக்கடலை விதை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வாங்கி ஒரு ஃபைலுக்குள் வைத்தார். இன்றுவரை அது அங்கேயேதான் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. டர்னிப்பை எழுதியவரையா, மஞ்சள் அடித்தவரையா, உள்ளூர் மணத்தை மோந்து பார்த்தவரையா? எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். தப்பை மட்டும் யாரும் செய்யவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கள் காலை தலைமையாசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த வம்பையும் வாசலுக்குள் விடமாட்டார். "வேர அமுத்தச் சொல்லுங்க டீச்சர். போயிட்டு வரட்டும். எதுக்குப் பிள்ளைய முன்னால நிறுத்தி நீங்க நியாயம் கேக்கணும்?" என்றார். நான் முடியாது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அம்மா வந்துவிட்டார். களை எடுத்த கையோடு வந்திருந்தார், நகத்தில் மண் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"கடல எங்கிட்டுக் காய்க்கும்னு அவளுக்குத் தெரியும் டீச்சர். அத யாரும் புடுங்கிக்க மாட்டாக. எத அமுத்துனா கூட்டிட்டுப் போவாகளோ, அத அமுத்தச் சொல்லுங்க. ரெண்டு வாரமா தூங்க மாட்டேங்கிறா அவ."

தெரிந்தது மனசில் இருக்கப்போகிறது, விரல் எதை அமுத்தினால் என்ன என்று நானும் நினைத்தேன். அந்தப் பிள்ளையை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய், "ஏழாவது கேள்விக்கு மட்டும் வேர்னு போடு" என்றேன்.

"அது தப்புல்ல டீச்சர்?"

"தப்புதான். ஆனா அப்படிப் போட்டாத்தான் போக முடியும்."

வழக்கமாக அடுத்து ஒரு கேள்வி வரும். அன்றைக்கு வரவில்லை. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஏழாவது கேள்வி வந்ததும் என் பக்கம் திரும்பாமல் வேரை அமுத்தினாள். பச்சை வந்தது. "அருமை" என்றேன் நான், டேப்லெட்டுக்குள்ளிருந்து.

முகாமுக்குப் போய் வந்தாள். மறுநாள் அவளைப் பிடித்து உட்கார வைத்து எல்லாம் கேட்டேன். வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். செங்கல் அடுக்கின மாதிரி இருந்ததாம். ஒரு அக்கா நீல மை ஒரு சொட்டு விட்டதும் ஒவ்வொரு செங்கலுக்குள்ளும் ஒரு புள்ளி தெரிந்ததாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பூந்தியும் கேசரியும் கொடுத்தார்களாம். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லவேளை, அனுப்பினோம் என்று நினைத்தேன்.

"சாப்புட்டதும் பெரிய ரூம்புல படம் போட்டாக டீச்சர்."

"என்ன படம்?"

"உங்க படந்தான். கடல வேருன்னு சொல்லுவீங்கள்ல, அது."

"அங்க சாருங்க எல்லாம் இருந்தாங்களா?"

"முன்னாடி நெறயப் பேரு ஒக்காந்திருந்தாக. முடிச்சிட்டு, யாருக்காச்சும் சந்தேகம் இருந்தாக் கேளுங்கன்னு மைக்குல சொன்னாக."

"யாராவது எந்திரிச்சாங்களா?"

"இல்ல."

அங்கே இருந்தவர்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர்கள். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைவிட அவர்கள் காதில் ஒரு வார்த்தை விழுந்திருந்தால் போதும், எல்லாம் மாறியிருக்கும். அதை அங்கே சொல்லத் தெரிந்த ஒரே ஆள் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீயாச்சும் கையத் தூக்கியிருக்கலாம்ல?" என்றேன்.

நான் ஏதோ புரியாமல் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். பொறுமையாக விளக்கினாள்.

"நான் எதுக்கு டீச்சர் தூக்கணும்? தப்புன்னு சொன்னாக் கோவிச்சுக்குவாக. சாயங்காலம் திருப்பிக் கூட்டியாந்து விடணும்ல அவுக."